குமரப் பருவத்துச் சலிப்பும் கூட்டுறவாளர் கடமையும்

பயிர்த்தொழில் செய்வோருக்குப் ‘போரடித்தல்’ என்ற சொல்லின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. கதிரை அடித்து நெல்லைப் பிரித்த பின்னும் தாளில் ஒட்டி நிற்கும் மணிகள் வீணாகாதபடி, அத்தாளைக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்கச் செய்து எடுப்பதே போரடித்தல். வீட்டிலுள்ள அனைவருக்கும் கை ஓயாத வேலை இருந்த நாட்கள் அவை. இன்று அதே ஓசையுடைய சொல் நம் வீடுகளில் வேறொரு பொருளில் நாள்தோறும் கேட்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று “போரடிக்கிறது” என்று கூறினால், செய்வதற்கு ஒன்றும் இல்லை, இருப்பதிலும் மனம் ஒட்டவில்லை என்பது பொருள். இது ஆங்கிலத்திலிருந்து வந்து வழங்கும் சொல். இரண்டும் ஓசையில் ஒன்றுபட்டது தற்செயலே. ஆயினும் நம் குடும்பங்களில் இரண்டொரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாறுதலை அந்த ஒற்றுமை நமக்கு நினைவூட்டுகிறது.

சென்ற கோடை விடுமுறையில், நெய்து முடித்த புடவையைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலியும் அடுத்த பாவும் பெற வந்திருந்த நெசவாளர் ஒருவர் தம் மகனைப் பற்றி நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டார். “பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து கைப்பேசியும் கையுமாகப் படுத்திருக்கிறான். கேட்டால் போரடிக்குது என்கிறான். இப்போதெல்லாம் சோறும் சரியாக உண்பதில்லை. ஒரு வேலையும் செய்யாதவனுக்கு அலுப்பு எங்கிருந்து ஐயா வரும்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் அங்கத்தினர்களில் பலர் வாய்விட்டுக் கேளாமல் மனத்தில் வைத்திருக்கும் கேள்வியும் அதுவே. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சலிப்பு என்பது யாது?

சலிப்பைச் சோம்பல் என்று கருதுவது பெரியோர் செய்யும் முதற் பிழை. சோம்பலுடையவன் ஒன்றும் செய்ய விரும்பாதவன். அந்நிலை அவனுக்குச் சுகமாகவே இருக்கிறது. சலிப்புற்றவனோ ஏதேனும் செய்ய விரும்புகிறான். ஆனால் அவன் மனம் எதிலும் பற்றிக்கொள்ள மாட்டாமல் வருந்துகிறது. கனடா நாட்டு உளநூல் அறிஞர் ஜான் ஈஸ்ட்வுட் என்பவரும் அவருடைய தோழர்களும் 2012-இல் சலிப்புக்கு இலக்கணம் கூறியபோது, நிறைவு தரும் செயலில் ஈடுபட வேண்டும் என்ற ஆசை இருந்தும் ஈடுபட இயலாமையால் உண்டாகும் துன்பமே சலிப்பு என்ற கருத்தையே வெளியிட்டனர். ஆகவே சலிப்பு என்பது பசியைப் போன்றதோர் அறிகுறி. பசித்தவனைக் கடிந்துரைத்து என்ன பயன்?

இப்பசி எத்துணைக் கடுமையானது என்பதை அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. கல்லூரி மாணவர் சிலரை ஒருவர் ஒருவராக வெறும் அறையில் 15 நிமிட நேரம் தனியே அமர்த்தினர். கையில் புத்தகமோ கைப்பேசியோ இல்லை. அவர்கள் விரும்பினால், ஒரு பொத்தானை அழுத்தித் தம் உடலில் தாமே சிறு மின்னதிர்ச்சி ஏற்றிக்கொள்ளலாம். அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்பதற்குப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்னர்க் கூறியவர்களே அவர்கள். அவ்வாறிருந்தும் ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் அப்பொத்தானை அழுத்தினர். வெறுமையாய் இருப்பதைவிட வலி மேல் என்று மனித மனம் எண்ணக்கூடும் என்பது இதனால் விளங்கும். பிள்ளைகள் புகையிலையையும் மதுவையும் ஆபத்தான வேகத்தில் ஓட்டும் மோட்டார் சைக்கிளையும் ஏன் நாடுகின்றனர் என்ற கேள்விக்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது.

சலிப்பு முழுவதும் தீயது என்றும் கூறிவிட முடியாது. அதே 2014-இல் இங்கிலாந்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களைப் பார்த்து எழுதும் சுவையற்ற வேலையை முதலில் செய்தவர்கள், பின்னர் இரண்டு குவளைகளை என்னென்ன வழிகளில் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, மற்றவரைவிட மிகுதியான வழிகளைக் கூறினர். சிறிது நேரச் சலிப்பு புதிய எண்ணங்களுக்கு வித்தாகலாம். மழை நாளில் வீட்டில் அடைபட்ட பிள்ளை பழைய தார்க்குச்சிகளைக் கொண்டு வண்டி செய்து விளையாடுவது இவ்வகை. ஆனால் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நீடிக்கும் சலிப்பு வேறு; அது மனத்தை அரிப்பது.

குமரப் பருவத்தில் இத்துன்பம் மிகுவதற்குக் காரணம் உண்டு. புதுமையையும் இன்பத்தையும் தேடத் தூண்டும் மூளைப் பகுதிகள் இப்பருவத்தில் வேகமாக விழித்தெழுகின்றன. ஆய்ந்து அடக்கும் முன்மூளையோ இருபது வயதைக் கடந்த பின்னரும் சில ஆண்டுகள் வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. உறக்கம் வரும் நேரமும் இவ்வயதில் இயற்கையாகவே பின்தள்ளிப் போகிறது. இரவு நெடுநேரம் விழித்திருப்பதும், விடியலில் எழ மாட்டாமையும் முழுவதும் பிள்ளையின் குற்றமல்ல.

வீடும் தெருவும் மாறின

நெசவாளர் வீட்டில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்ற பேச்சே இருந்ததில்லை. தார் சுற்றுவது, இழை அறுந்தால் எடுத்துக் கொடுப்பது, தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடிப்பது என்று ஏதேனும் ஒன்று காத்திருந்தது. உழவர் வீட்டிலோ மாடும் ஆடும் வாய்க்கால் மடையும் காத்திருந்தன. அந்நாள் மீண்டும் வரவேண்டும் என்று நாம் கூறவில்லை. பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளின் முதுகு தறிமேடையில் வளைந்ததும், கண்ணொளி குன்றியதும், எழுத்தறியாமல் பலர் வளர்ந்ததும் அக்காலத்தில்தான். பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றது நம் சமூகம் பெற்ற வெற்றி.

ஆனால் அவ்வேலையோடு மற்றொன்றும் போய்விட்டதைக் கவனிக்க வேண்டும். ‘நான் இல்லாவிட்டால் இவ்வீட்டில் ஒரு காரியம் நிற்கும்’ என்ற எண்ணம் அக்காலப் பிள்ளைக்கு இருந்தது. இன்று பரீட்சையில் மதிப்பெண் பெறுவதைத் தவிர வேறொன்றையும் நாம் அவர்களிடம் எதிர்பார்ப்பதில்லை. பரீட்சை முடிந்தவுடன் அவர்களுக்கு நம் வீட்டில் வேலை இல்லாமற் போகிறது. ஏறத்தாழ இடமும் இல்லாமற் போகிறது. பையன்கள் டீக்கடைப் பெஞ்சிலும் பேருந்து நிறுத்தத்திலும் பொழுதைக் கழிக்கின்றனர். பெண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பூப்பெய்திய பின் வாயிற்படி தாண்டுவதற்கே காரணம் கூற வேண்டிய வீடுகள் இன்னும் பல. அவர்களுடைய சலிப்பு கதவுக்குப் பின்னே நிகழ்வதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எஞ்சிய வெற்றிடத்தைக் கைப்பேசி நிரப்பிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமும் அதன் வழியே வந்தமையால், மறுக்க வழியின்றி அதை நாமே பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். நொடிக்கு ஒரு புதுமையைக் காட்டுவது அக்கருவி. அது பசியை அடக்குமேயன்றி உணவாகாது. பாவு எவ்வளவு நீளமாயினும் ஊடை குறுக்கே ஓடாவிட்டால் துணியாவதில்லை. பிள்ளைகளிடம் நேரம் என்ற பாவு ஏராளமாக இருக்கிறது. ஊடையாக ஓடவேண்டிய செயல்தான் இல்லை.

ஐஸ்லாந்து கண்ட வழி

இவ்விஷயத்தில் ஒரு நாட்டு மக்கள் கூடி முயன்ற வரலாறு கூட்டுறவாளர்களாகிய நமக்குப் பயன் தருவது. ஐஸ்லாந்து என்பது வட அட்லாண்டிக் கடலிலுள்ள தீவு நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 4 லட்சமே. மீன்பிடித்தலும் ஆடு வளர்த்தலும் அங்குள்ளோரின் பழந்தொழில்கள். தலைநகரான ரேக்யவிக்கில் டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் 4 மணி நேர அளவே உண்டு. நெடிய இருளில் பிள்ளைகளுக்குச் செய்வதற்கொன்றும் இல்லை. 1990-களில் வார இறுதி இரவுகளில் அவர்கள் கூட்டங்கூட்டமாகக் குடித்துத் தெருவில் திரிந்தனர். 1998-இல் எடுத்த கணக்கின்படி, 15, 16 வயதுடையோரில் 100-க்கு 42 பேர் அதற்கு முந்திய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியவர்கள். 100-க்கு 23 பேர் நாள்தோறும் புகைத்தனர்.

‘குடிக்காதே, புகைக்காதே’ என்று பள்ளிகளில் போதித்துப் பார்த்ததில் பயன் விளையவில்லை. பின்னர் அந்நாட்டார் வேறு வழியை நாடினர். பிள்ளைகள் போதையைத் தேடுவது மனத்தின் வெறுமையையும் கலக்கத்தையும் மாற்றுவதற்கே. அம்மாறுதலை நல்ல வழியில் தந்தால் போதை வேண்டியிராது என்பது அமெரிக்க உளநூல் அறிஞர் ஹார்வி மில்க்மன் என்பவரின் கருத்து. அவர் 1992-இல் டென்வர் நகரில், துன்பத்திலிருந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை என்ற பெயரே இன்றி இசை, நடனம், ஓவியம், தற்காப்புக் கலை ஆகியவற்றைக் கற்பித்தவர். அக்கருத்தை ஐஸ்லாந்தினர் ஏற்றனர். பள்ளி மாணவர்களிடம் முதலில் விவரம் திரட்டினர். எந்தப் பிள்ளைகள் தீய பழக்கங்களுக்கு ஆளாகவில்லை என்று ஆராய்ந்ததில் நான்கு காரணங்கள் புலப்பட்டன. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் முறையான விளையாட்டிலோ கலையிலோ ஈடுபடுதல். வார நாட்களில் பெற்றோருடன் நேரம் கழித்தல். பள்ளியில் தம்மைப் பற்றி அக்கறை கொள்வோர் உண்டு என்று உணர்தல். இரவில் நெடுநேரம் வெளியே திரியாமை ஆகியவையே அவை.

அதன் பின் காரியங்கள் வரிசையாக நடைபெற்றன. 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலையும், 20 வயதுக்குட்பட்டோருக்கு மதுவும் விற்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. இவற்றின் விளம்பரங்களும் நிறுத்தப்பட்டன. 13 முதல் 16 வயது வரையுள்ளோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குப் பின்னும், கோடையில் நள்ளிரவுக்குப் பின்னும் தனியே வெளியில் இருத்தலாகாது என்று விதிக்கப்பட்டது. விளையாட்டு, இசை, நடனக் கழகங்களுக்கு அரசாங்கம் பொருளுதவியைப் பெருக்கிற்று. வறிய வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் சேரும் வண்ணம் ரேக்யவிக் நகரசபை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டண உதவி அளித்தது.

பலன் யாது? 2016-இல் குடித்து மயங்கியோர் 100-க்கு 5 ஆகவும், நாள்தோறும் புகைப்போர் 3 ஆகவும் குறைந்தனர். வார நாட்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் கழிப்பதாகக் கூறிய பிள்ளைகள் 1997-இல் 100-க்கு 23 பேர். 2012-இல் 46 பேர். இக்காலத்தில் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் பிள்ளைகளிடையே குடி குறைந்தது உண்மை. ஆகவே முழுப் பெருமையும் இத்திட்டத்துக்கே உரியது என்று கூறலாகாது. ஆயினும் இத்துணைப் பெரிய மாறுதல் அரிதே.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது பெற்றோர் செய்துகொண்ட உடன்படிக்கையாகும். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் சங்கம் அமைந்தது. ‘சிறுவருக்கு மது வாங்கித் தரமாட்டோம், மேற்பார்வை இல்லாத கேளிக்கைகளுக்கு இடங்கொடோம், பிறர் பிள்ளைகளின் நலனையும் கவனிப்போம்’ என்பன போன்ற உறுதிகளில் பெற்றோர் கையொப்பமிட்டனர். தனி ஒரு தாய், “இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா” என்று மகனிடம் கூறினால், “அவன் வீட்டில் கேட்பதில்லையே” என்ற மறுமொழி வரும். ஊரிலுள்ள தாய்மார் அனைவரும் அதையே கூறினால் அம்மறுமொழிக்கு இடமில்லை. நூல் விலையில் பேரம் பேசத் தனி நெசவாளனால் இயலாது. சங்கமாகச் சேர்ந்தால் இயலும் என்று நாம் அறிந்த அதே உண்மைதான் இது.

ஓர் எச்சரிக்கை

பிள்ளைகளுக்குப் பொழுது போக வழி செய்துவிட்டால் அனைத்தும் சரியாகிவிடும் என்று எண்ணலாகாது. ஐஸ்லாந்திலேயே 2006 முதல் 2016 வரையுள்ள காலத்தில், குடி குறைந்துகொண்டு வந்தபோதே, பெண்பிள்ளைகளிடையே மனக்கலக்கமும் மனச்சோர்வும் பெருகியதை ஆராய்ச்சியாளர் கண்டனர். உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் 7 பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒருவகை மனநலக் குறையுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே, சலிப்பு எது, நோய் எது என்று பிரித்தறியப் பெற்றோர் கற்க வேண்டும்.

சலிப்புற்ற பிள்ளைக்குப் பிடித்தமான தோழன் வந்தால் முகம் மலரும். பந்து விளையாட அழைத்தால் எழுந்து ஓடும். மனச்சோர்வு நோயுற்ற பிள்ளைக்கோ முன்னர் விரும்பியவையும் கசக்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறத்தாழ நாள்தோறும் துயரமோ எரிச்சலோ நீடித்தல், உறக்கமும் உணவும் மிகக் குறைதல் அல்லது மிகுதல், தோழரை விட்டு ஒதுங்குதல், படிப்பில் திடீரெனப் பின்னடைதல், ‘என்னால் யாருக்கும் பயனில்லை’ என்று பேசுதல் ஆகியவை கண்டால் அது சலிப்பல்ல. வாழ்வில் வெறுப்புக் கொண்டது போல் பிள்ளை பேசினால், அமைதியாக அருகமர்ந்து, “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்பதில் தவறில்லை. அவ்வாறு கேட்பதனால் இல்லாத எண்ணம் உண்டாவதில்லை. உள்ளே அடைபட்ட துயரம் வெளிப்பட வழி பிறக்கிறது. அடித்தலும் ஏசுதலும் பிறர் பிள்ளையோடு ஒப்பிடுதலும் அவ்வேளையில் அறவே கூடா.

இலவச ஆலோசனைக்கு 14416 என்ற டெலிபோன் எண் உண்டு. 2022-இல் தொடங்கிய இத்தேசிய மனநல உதவியில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 1996 முதல் நடைபெற்று வரும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே அரசாங்க மருத்துவமனைகளிலும் சிகிச்சை கிடைக்கிறது. உயிரை மாய்க்க முயன்றவரைத் தண்டிக்காமல், பெருந்துயருக்கு ஆளானவராகக் கொண்டு பராமரிக்க வேண்டும் என்பதே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நோக்கம். ஆகவே போலீசுக்கு அஞ்சியோ ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியோ எவரும் மறைக்க வேண்டுவதில்லை.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு மற்றொன்று. இளம் வயதில் எழும் விபரீத எண்ணம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடுவது. அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பூச்சிமருந்து இல்லாதிருந்தால் ஓர் உயிர் தப்பும். இலங்கையில் கொடிய நஞ்சுடைய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பின், 1995-க்குப் பிந்திய ஆண்டுகளில் தற்கொலைகள் பெருமளவில் குறைந்தன. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலும், மருந்துகளை வீடுகளில் வையாமல், பூட்டிய பெட்டிகள் கொண்ட பொது இடத்தில் வைக்கும் முறை சோதிக்கப்பட்டது. கிராமத்தார் அதை ஏற்று நடத்த இயலும் என்று 2013-இல் வெளியான அதன் அறிக்கை காட்டிற்று. கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு இதனினும் ஏற்ற பணி வேறில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

‘கடன் கொடுப்பதும் நூல் கொடுப்பதும் சங்கத்தின் வேலை, பிள்ளை வளர்ப்பது அதன் வேலையா?’ என்று சிலர் கேட்கக்கூடும். 1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய சங்கமே நம் இயக்கத்துக்கு முன்னோடி. மாவும் வெண்ணெயும் விற்ற அச்சிறு கடைக்காரர்கள் சில ஆண்டுகளுக்குள் வாசகசாலையும் அமைத்தனர். லாபத்தில் 100-க்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தையும் கொண்டனர். சமூக நலனில் அக்கறை என்பது 1995-இல் உலகக் கூட்டுறவாளர் ஏற்ற ஏழு கொள்கைகளில் ஒன்று. ஆகவே பின்வருவனவற்றைச் சங்கங்களின் ஆலோசனைக்கு வைக்கிறோம்:

1. மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டடத்தின் ஒரு கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். சில புத்தகங்கள், ஒரு கேரம் பலகை, பொறுப்புள்ள ஒருவர் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து செலவு செய்யலாம்.

2. பெண்பிள்ளைகளுக்கு அக்கூடத்தில் உரிய நாட்களும் நேரமும் ஒதுக்க வேண்டும். பெண் அங்கத்தினர் ஒருவர் உடனிருந்தால் பெற்றோர் தயங்கார்.

3. விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு உண்மையான பொறுப்புத் தரவேண்டும். புதிய புடவைக் கரைக்கு வடிவம் வரைதல், மழையளவைக் குறித்தல், முதிய அங்கத்தினருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருதல் போன்றவை வேலைச்சுமை ஆகா. ‘நான் வேண்டப்படுகிறேன்’ என்ற எண்ணத்தை அவை தரும். படிப்புக்கும் விளையாட்டுக்கும் இடையூறாக எதையும் சுமத்தலாகாது.

4. ஒரு தெருவிலுள்ள பெற்றோர் கூடி உடன்படிக்கை செய்துகொள்ளலாம். இரவு இன்ன மணிக்கு மேல் கைப்பேசி பிள்ளையின் படுக்கையருகே இராது. புகையிலையும் மதுவும் வாங்கப் பிள்ளைகளை அனுப்புவதில்லை. நாளில் ஒரு வேளையேனும் சேர்ந்து உண்பது என்பன போன்ற நான்கைந்து விதிகள் போதும். முதல் விதி பெற்றோரின் கைப்பேசிக்கும் பொருந்த வேண்டும்.

5. 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் உடல் அசைந்து விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊர் மைதானத்தைக் காப்பது சங்கத்தின் கவலையாகவும் இருக்கட்டும்.

6. 14416 என்ற எண்ணைச் சங்க அறிவிப்புப் பலகையிலும், கூலிப் புத்தகத்தின் அட்டையிலும் எழுதி வைக்கலாம்.

இவற்றுள் பெருஞ்செலவு கோருவது எதுவும் இல்லை. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கிப் பேசினால் தொடக்கம் ஆகிவிடும். அப்பேச்சில் பிள்ளைகளையும் அழைத்து அமர்த்தி, அவர்கள் விரும்புவது யாதென்று அவர்களையே கேட்பது நலம்.

கேள்வி கேட்ட நெசவாளருக்கு அன்று நாம் தக்க விடை கூறவில்லை. இன்று கூறுவது இதுவே: தங்கள் மகனின் அலுப்பு வேலை செய்ததால் வந்ததன்று, அவன் மனத்துக்கு வேலை இல்லாததால் வந்தது. ஆனால் சோறும் சரியாக உண்பதில்லை என்று தாங்கள் இடையில் கூறிச் சென்றதை நாம் அன்றே ஊன்றிக் கேட்டிருக்க வேண்டும். ஆகவே முதலில் அவனருகே அமர்ந்து, கடியாமல் கேளுங்கள். அவன் துயரம் இரண்டு வாரங்களைக் கடந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெறும் சலிப்பே என்றால், தாங்கள் மட்டும் தனியே போராட வேண்டுவதில்லை. அதற்குத் தெருவும் இருக்கிறது, சங்கமும் இருக்கிறது.